தென்கரைக் காணியும் திருக்கை அணியும்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஜேர்சிகளில் ஒன்றை உருவி எடுத்து முற்றத்து மணலில் வீசினான் றெனால்ட்.

"இந்தப் பேரை நெஞ்சில போட்டுக்கொண்டு இண்டைக்கு நான் இறங்கமாட்டன்! சொல்லிப்போட்டன்!"

பிரான்சிஸ்கா குனிந்து அதை எடுத்து மணலைத் தட்டினாள். நீலத் துணி. முதுகில் மகனுடைய இலக்கம். நெஞ்சில், அணியின் சின்னமான திருக்கை மீனையும் விடப் பெரிதாக, கரையில் மணல் தோண்டும் கம்பனியின் பேர். மன்னார்த் திருக்கைகள் அணியின் சொந்தக்காரருடைய பெண்சாதி என்று வெளியில் அவளுக்கு மரியாதையான ஒரு பேர் இருந்தது. ஆனால் அத்தனை ஜேர்சிகளையும் தோய்த்துக் காயவைத்து மடித்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"இண்டைக்கு இறுதியாட்டம், மோனை… விடியக் காலமையே இப்பிடிக் கத்தாத… முதல்ல வந்து சாப்பிடு…"

"நீங்கள் என்னோட கதைக்காதீங்கோ! அம்மப்பா சீதனமாத் தந்த காணியைத் தூக்கி அவங்களுக்குக் குடுக்கேக்க என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களா? மண்ணை வித்தவளின்ர மகன் எண்டு சந்தியில நிண்டு சொல்லுறாங்கள்… அந்த அணிக்கு நான் கப்டன்!"

பிரான்சிஸ்காவின் கண்கள் ஒரு கணம் வீட்டுக்குள் போய்த் திரும்பின. விறாந்தைக் கதிரையில் அவள் கணவர் மில்ரன் போனைக் காதில் வைத்தபடி இருந்தார். கம்பனிக்காரரோடுதான் பேச்சு. மகன் சொன்னது அத்தனையும் அவருக்குக் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை.

"நானா விரும்பித்தான் குடுத்தனான்," என்றாள் பிரான்சிஸ்கா, மூன்று மாதமாக எல்லோருக்கும் சொல்லிவரும் அதே குரலில். "அப்பாவுக்கு இதில ஒரு சம்மந்தமும் இல்லை."

"தெரியும்! அவர் கும்பிட்டு மறிச்சிருப்பார், நீங்கள் கேட்டிருக்கமாட்டீங்கள்!"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் புட்டையும் மீன் குழம்பையும் ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனாள். அது அவள் தம்பியின் வீடு. தகப்பன் அருளப்பு அங்கேதான் இருந்தார். மகள் வருவதைக் கண்டதும் கிழவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காணி போன நாளிலிருந்து அவள் கையால் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அப்பு… ஒரு வாய்… உங்களுக்குப் பிடிச்ச ஒட்டி மீன் குழம்பு…"

தம்பியின் மனைவி டிலோஜினிதான் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு செம்பு.

"மச்சாள், இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்கோ."

பிரான்சிஸ்கா வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.

"எங்கட கிணத்துத் தண்ணி! உங்கட காணியில துளை போடத் தொடங்கினாங்கள், இஞ்ச இப்பிடி ஆகிப்போச்சு. என்ர பிள்ளையளுக்கு நான் எதைக் குடுக்க? நீங்கள் அணிச் சொந்தக்காரி… போத்தல் தண்ணி குடிப்பீங்கள்… நாங்கள்?" டிலோஜினி செம்பைப் பறித்து மீதித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள். "கூடப்பிறந்த தம்பியை நினைச்சீங்களா? சொல்லுங்கோ மச்சாள்!"

பிரான்சிஸ்கா கோப்பையோடு திரும்பி வந்தாள். அடுப்படியில் தனியாக நின்று, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

நடந்தது இதுதான்.

மில்ரன் வாலிபத்தில் பந்துக்காகவே உயிர் வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து அகதி முகாமில் கிடந்தபோதும் துணியைச் சுருட்டி உதைத்தவர். வடக்கில் புதிதாக ஒரு உதைபந்தாட்ட லீக் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒரு அணி என்று விலைக்கு விட்டபோது, சுவிஸில் இருந்த சிநேகிதனோடு சேர்ந்து மன்னார் அணியை வாங்கினார். இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக் கடலை வெறுமையாக்கிவிட்டிருந்த காலம். தொழிலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய பெடியளுக்கு அணியின் சம்பளம்தான் வீட்டு அடுப்பு. இரண்டாவது பருவத்தில் சிநேகிதன் கைவிட்டான். அணியை லீக்கிடம் மீளக் கையளிக்கவேண்டிய நிலை வந்தது.

அப்போதுதான் மணல் கம்பனி மன்னார்த் தீவுக்குள் கால்வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. தென்கரையில் ஒருவரும் காணி கொடுப்பதில்லை என்று ஊரே கோயிலில் கூடி முடிவெடுத்திருந்தது. அந்தக் கரையில், றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதை ஓடிய பனங்காணி பிரான்சிஸ்காவின் சீதனம். மில்ரன் அவளிடம் ஒரு சொல் கேட்காமலே கம்பனிக் கந்தோருக்குப் போய், அணிக்குக் காசு தந்தால் அந்தக் காணியைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஜேர்சியில் பேரும் அடித்தாகிவிட்டது. அதன் பிறகுதான், அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு முதல்நாள் மாலை, அடுப்படிக்கு வந்து அவள் காலைப் பிடித்தார்.

"நான் பிழை விட்டிட்டன் பிரான்சி… நீ மாட்டன் எண்டால் அவங்கள் எல்லாத்தையும் வெளியில சொல்லுவாங்கள்… ஊர் என்னைக் காறித் துப்பட்டும். ஆனா றெனால்டு? அவன் என்ர முகத்தில முழிப்பானா?"

அந்தக் கேள்விதான் அவளை விழுத்தியது. தகப்பன் உருட்டிவிட்ட பந்துக்குப் பின்னால் ஓடித்தான் றெனால்ட் நடக்கவே பழகினான். வளர்ந்து என்னவாக வரப்போகிறாய் என்று யார் கேட்டாலும், "அப்பாவாக" என்பான். அந்த மதிப்பு உடைந்தால் பிள்ளைக்குள் எதுவும் நிமிர்ந்து நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது. தன்மேல் வரும் கோபம் ஒருநாள் ஆறிவிடும் என்றும் நம்பினாள்.

அடுத்தநாள் கோயில் மண்டபத்தில் எழுந்து நின்றாள். "அது என்ர காணி. அணியைக் காப்பாத்த நானே கம்பனியோட கதைச்சுக் குடுக்கிறன். என்ர மனுசனுக்கு இதில ஒரு பங்கும் இல்லை." பின்னால் இருந்த ஒரு கிழவி நிலத்தில் துப்பினாள். மில்ரன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். ஒரு காணி விழுந்ததும் பக்கத்துக் காணிகளுக்கும் வழி திறந்துவிட்டது.

இறுதியாட்டத்தன்று பின்னேரம் மைதானம் நிரம்பியிருந்தது. இறுதியாட்டம் முதன்முறையாக மன்னாரில் நடக்கிறது. கம்பனியின் பதாகைகள் வேலி முழுவதும் காற்றில் படபடத்தன. உள்ளே புகுந்த கழுதைகளை நாலைந்து பேர் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதருக்குப் பந்தல், வெள்ளைத் துணி போர்த்த கதிரைகள், குளிர்ந்த சோடா. பிரான்சிஸ்கா பந்தலுக்குப் போகவில்லை. பெண்கள் இருந்த பக்கம் போய் இருந்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். டிலோஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அணிகள் வரிசையாக நின்றன. றெனால்ட் ஜேர்சியைப் போட்டுக்கொண்டுதான் நின்றான். கூட இருந்த பெடியள் சம்பளம் போய்விடும் என்று கெஞ்சியிருக்கவேண்டும். அவன் முகம் கறுத்துப்போயிருந்தது.

கம்பனிப் பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"இந்த அணிக்கு நாங்கள் அனுசரணை வழங்கக் காரணமான ஒருவரை இன்று கௌரவிக்க வேண்டும். இந்தத் தீவில் யாரும் எங்களுக்குக் கதவு திறக்காத நேரத்தில், தானாகவே எங்கள் கந்தோரைத் தேடி வந்தவர். 'என் மனைவியின் காணியை நான் எடுத்துத் தருகிறேன், என் அணியைக் காப்பாற்றுங்கள்' என்று முதன்முதலில் வாக்குத் தந்தவர்… உரிமையாளர் திரு. மில்ரன் அவர்களே! மேடைக்கு வாருங்கள்!"

பந்தலில் மட்டும் கைதட்டல் எழுந்தது. பொன்னாடையோடு ஒரு பெண் நடந்து வந்தாள். மில்ரன் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பாதி எழுந்தபடி நின்றார். அவர் தோளில் பொன்னாடை விழுந்தது.

றெனால்ட் தகப்பனைப் பார்த்தான். பிறகு சனத்துக்குள் தாயைத் தேடினான். கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, அவளைச் சுற்றித்தான் வெறுமையாக இருந்ததே.

பிரான்சிஸ்கா பதறி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் ஆட்டினாள். இல்லை… இல்லை… அந்தாள் பொய் சொல்லுது என்று தலையை அசைத்தாள். அந்த நேரத்திலும் அவள் அதைத்தான் செய்தாள்! அந்தத் தலையசைப்பிலேயே மகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் ஜேர்சியைக் கழற்றினான். உட்புறத்தை வெளியே திருப்பி, எழுத்து மறைய, மறுபடி போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்றவனும் கழற்றினான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும்.

ஏற்பாட்டாளர்கள் ஓடி வந்தார்கள். "தம்பிமார், ஒப்பந்தம் இருக்குது! ஒழுங்காப் போட்டுக்கொண்டு விளையாடுங்கோ, இல்லாட்டி வெளியில போங்கோ!"

"நாங்கள் விளையாடத்தான் வந்தனாங்கள்," என்றான் றெனால்ட். "விசிலை ஊதச் சொல்லுங்கோ."

நடுவர் ஊதவில்லை. பணிப்பாளர் பந்தலை விட்டு இறங்கி வாகனத்தில் ஏறினார். பந்து உருளாமலே கிண்ணம் எதிர்த்து நின்ற முல்லைத்தீவு அணிக்குப் போனது. அவர்களுடைய கப்டன் அதைத் தலைகுனிந்து வாங்கினான்.

டிலோஜினி அந்த வெறுமையான இடத்தைத் தாண்டி ஓடிவந்து பிரான்சிஸ்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள்… நான் என்னவெல்லாம் சொன்னனான்… ஏன் மச்சாள் ஒரு வார்த்தை சொல்லேல்ல? எங்களுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே… என்னை மன்னியுங்கோ…"

பிரான்சிஸ்காவுக்கு அது காதில் விழவே இல்லை.

"அந்தாள் ஏன் இதைச் சொன்னவன்?" என்று பிதற்றினாள். "என்னை என்னவும் சொல்லிப்போட்டுப் போகட்டும்… என்ர பிள்ளைக்கு இனி அப்பா இல்லையே டிலோஜினி! ஐயோ மாதாவே… அவனுக்கு இனி அப்பா இல்லையே!"

வீட்டுக்கு வந்தபோது அடுப்படி வாசலில் அருளப்பு நின்றார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தடியைச் சுவரில் சாத்தினார்.

"பிள்ளை… பசிக்குது," என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்து தகப்பனுக்கு ஊட்டினாள். இருவர் கண்ணீரும் அந்தக் கோப்பையில் விழுந்தது. வாசலில் வந்து நின்ற றெனால்ட் அதைப் பார்த்ததும் அப்படியே மணலில் மண்டியிட்டு, தாயின் மடியில் முகத்தைப் புதைத்தான்.

"என்னை அடியுங்கோ அம்மா… நாய் மாதிரி உங்களைக் குதறினனே… அடியுங்கோ…"

"நீ என்ன செய்தனி, ராசா? தெரியாமல்தானே…" அவள் அவன் தலையைத் தடவினாள். "அப்பாவோட மட்டும் கோவிக்காத. உனக்காகத்தான்… பந்துக்காகத்தான்…"

அவன் மடியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டான். பொழுதுபட்டு மில்ரன் வந்து, "றெனால்டு…" என்று வாயெடுத்தபோது, எழுந்து அவரைக் கடந்து வெளியே போனான்.

அதன் பிறகு எதுவும் சரிவரவில்லை. கம்பனி அணியை விட்டது; காணியை விடவில்லை. தகரவேலி எழும்பியது. பனைகள் விழுந்தன. கடலுக்குப் போகிற தொழிலாளிகள் ஊரைச் சுற்றிப் போனார்கள். கோயில் பாதரும் ஊர்க்காரரும் கச்சேரிக்குப் போய் அரச அதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்த்தார்கள். காணிக்காரியே சபையில் எழும்பிச் சம்மதம் சொன்னதுதானே என்று பதில் வந்தது. ஒப்பந்தம் மீறியதாகச் சொல்லி லீக் அணியை மில்ரனிடமிருந்து பறித்துக் கொழும்பு முதலாளி ஒருவருக்குக் கொடுத்தது. அவர் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் பேரையும் மாற்றினார். பெடியளுக்கு விளையாடத் தடை. டிலோஜினியின் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குப் பின்னால் குடத்தோடு நின்றார்கள். இப்போது ஊரில் எல்லோரும் பிரான்சிஸ்காவோடு அன்பாகப் பேசினார்கள். அதனால் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறவில்லை.

றெனால்ட் கத்தாருக்குக் காவல்வேலைக்குப் போக ஒழுங்கானது. தகப்பனோடு அவன் அதுவரை ஒரு சொல் பேசவில்லை.

மன்னார் பஸ் நிலையத்தில், கொழும்பு பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது. மில்ரன் சற்றுத் தள்ளி, ஒரு கடை ஓரமாக நின்றார். தாடி வளர்ந்து, தோள் கூனி, ஒரேயடியாக வயது போயிருந்தது.

றெனால்ட் தாயைக் கட்டிப்பிடித்தான். பெரிய ஆண்பிள்ளை, சனம் பார்க்க விம்மி அழுதான். அவளும் அழுதாள். பிறகு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மோனை… நான் உன்னட்ட இதுவரைக்கும் ஒண்டும் கேக்கேல்ல. ஒருக்கா அவரைத் திரும்பிப் பார். ஒரு சொல்லு… போட்டு வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு…"

"வேற என்னவெண்டாலும் கேளுங்கோ அம்மா," என்றான் அவன். "உயிரைக் கேளுங்கோ, தாறன். இதைக் கேக்காதீங்கோ. உங்களை அவ்வளவு பேரும் துப்பேக்க, அந்த மனுசன் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருந்ததம்மா…"

பஸ் புறப்பட்டது. யன்னலால் கை ஆட்டினான், தாய்க்கு மட்டும்.

பாலத்துப் பக்கம் திரும்பி பஸ் மறையும்வரை நின்றுவிட்டு, அவள் திரும்பினாள். மில்ரன் அருகில் வந்திருந்தார்.

"நீயும் என்னை விட்டிட்டுப் போயிடாத, பிரான்சி…"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"நான் எங்க போற? கோவிச்சுக்கொண்டு போய் இருக்க எனக்கெண்டு அப்பு தந்த காணி ஒண்டு இருந்தது. இப்ப அதுவும் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

மில்ரன் முகத்தைப் பொத்திக்கொண்டு, சனத்துக்கு நடுவில் அழுதார். அவள் தேற்றவில்லை. தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்றாள். ஊர் பஸ் வந்ததும் ஏறி, யன்னல் ஓரமாக இருந்தாள். பின்னால் ஏறிய மில்ரன் அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இருக்கவில்லை. அவளும் இருங்கோ என்று சொல்லவில்லை.