முதுகில் சுமப்பவை

ஒரு துடுப்புக்காலி இன்னொன்றைச் சுமந்துகொண்டு போனது.

ஹெஸ்டர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை விலக்கி, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிந்தாள். அரிசிக் குறுணையில் பாதிகூட இல்லாத, இறால் வகைக் கடலுயிர் அது. இணை சேர்கிறதாக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் மேலே இருந்தது வேறு இனம். அதன் துடுப்புகள் தண்ணீரை வீணாக அடித்துக்கொண்டிருந்தன.

இப்படிச் சுமக்கும் பழக்கம் இந்தக் கடலில் அவளறிந்து ஒரே ஓர் உயிருக்குத்தான் உண்டு. அதைப் பார்க்கத்தான் அவளும், கணவன் ரோரியும், இயந்திரங்களைக் கவனிக்கும் பாஸ்கோவும் ஹோபார்ட்டிலிருந்து கிளம்பி வந்து, அண்டார்டிக்கக் கரையோரப் பாறைமேல் இருக்கும் இந்தக் குடிலில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். மிளகளவு இறால்பூச்சி அது. கண்ணாடி போன்ற உடம்பும் இரண்டு சிறகும் கொண்ட, கடல்தேவதை என்று அழைக்கப்படும் ஓடில்லாத நத்தையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்து இறுக்கிக்கொள்ளும். தின்பதற்கு அல்ல. தேவதையின் ருசி மீன்களுக்கு ஆகாது, வாயில் பட்டதும் துப்பிவிடும். ஆகவே அது பூச்சிக்கு உயிருள்ள கேடயம். சுமக்கப்படுகிற தேவதையால் எதையும் பிடித்துத் தின்ன முடியாது. பட்டினியில் மெல்ல மெல்லச் சுருங்கும். ஆனால் சாகாது, சீக்கிரத்தில் சாகாது.

அவளுடைய தட்டில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. இடுக்கியால் நாற்பது தடவை தேவதையைப் பிரித்தெடுத்துப் பார்த்திருக்கிறாள். நாற்பது தடவையும் பூச்சி இரண்டு மூச்சுக்குள் அதைத் திரும்பப் பற்றிக்கொண்டது. நேற்று தேவதை செத்தது. அந்தக் கணமே பூச்சி கால்களை விரித்து அதை உதிர்த்துவிட்டு, ஹெஸ்டர் தயாராக வைத்திருந்த புதிய தேவதையை நோக்கி நீந்தியது. முதுகில் ஏறியதிலிருந்து தேவதை தாங்கியது பத்தொன்பது நாள் என்று குறிப்பேட்டில் எழுதி அடியில் கோடிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி கூடுதலாக ஒரு கிண்ணம் புட்டிங் சாப்பிட்டாள்.

இன்றைய கடல்நீர்க் குடுவையை அரைமணி நேரம் முன்புதான் ரோரியும் பாஸ்கோவும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"டாக்டரம்மா, சூப் சூடா இருக்கு, ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க" என்றான் பாஸ்கோ குடுவையைக் காட்டி, தாடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டியபடி.

"உனக்கு இந்த மாசம் ரொட்டியில தடவ வெஜிமைட் கிடையாது போ" என்றாள் ஹெஸ்டர்.

"பாத்தியா ரோரி, உன் பொண்டாட்டி என்னையும் பட்டினி போட்டு ஆராய்ச்சி பண்ணப் பாக்குறா."

ரோரி சிரித்தான். "உன்னை எவன்டா முதுகுல தூக்குவான்? நானெல்லாம் இவளைத் தவிர வேற யாரையும் தூக்க மாட்டேன் மச்சான்."

கல்யாணமான வருஷம் புரூனி தீவுக் கடற்கரையில் அவள் கணுக்கால் பிசகியபோது, ரோரி அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தி, "ஏறு ஹெஸ்" என்றான். வண்டி வரைக்கும் இறக்கிவிடவே இல்லை. அந்தத் தோளின் உப்பு வாசனை அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்று மறுபடி வெளியே போகும்போதும் அவள் நெற்றியில் முத்தமிட்டு, "இன்னொரு தடவை வலை போட்டுட்டு, ஒரு மணிக்கெல்லாம் வந்துருவோம்" என்றான். மூங்கில் கம்புகளில் கொடி கட்டி நட்ட வழியில் இரண்டு விளக்குகளும் கடல்பனியின் மீது போய்ச் சின்னப் புள்ளிகளாயின.

மணி பன்னிரண்டேகால் ஆகியிருந்தது. இந்தப் பருவத்தில் அதுதான் பகல். வடக்கே அடிவானத்தில் ஒரு சிவந்த கீறல், அதற்கு மேலே கருநீலம்.

ஹெஸ்டர் வேறொரு துளியை எடுத்து வைத்தாள். இந்தக் கடலின் மிதவை உயிர்களில் அறுபத்தோரு வகையை அவளால் பெயர் சொல்லிக் காட்ட முடியும். அம்புப்புழு அம்புப்புழுவைச் சுமந்தது. நட்சத்திரமீனின் குஞ்சு சிப்பியின் குஞ்சைத் தன் மயிரிழைக் கைகளால் கட்டி வைத்திருந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டினாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்கள், மணி வடிவம், செருப்பு வடிவம், பூவரும்பு வடிவம், எல்லாம் சோடி சோடியாக, ஒன்றின் மேல் ஒன்றாக, மேலே இருப்பது துடிக்க, கீழே இருப்பது அதை விடாமல். அறுபத்தோரு வகையிலும் தனியாக நீந்துவது ஒன்றுகூட இல்லை.

எல்லாமே ஒரே காலையில் கேடயம் தூக்கியிருக்கின்றன.

எதற்குப் பயந்து?

குடிலில் ஒரு வாசனை வந்திருந்தது, பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாசனை. குடுவையை மூடினாள். வாசனை போகவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பனிக்கு அடியிலிருந்து எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் கடல்நாய்களின் நீண்ட சீழ்க்கை நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பின் ஊதலும், கூரைத் தகட்டில் காற்று விரல் தேய்ப்பதும் மட்டும்தான் மிச்சம்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "ரோரி, குடில்ல இருந்து பேசுறேன். கேக்குதா?"

இரைச்சல். பிறகு அவன் குரல், மிக மெதுவாக. "கேக்குது."

"வலை வேண்டாம். ரெண்டு பேரும் உடனே திரும்பி வாங்க."

"ஹெஸ், கீழ என்னமோ இருக்கு. பனி வழியாத் தெரியுது. நாங்க நகந்தா அதுவும் நகருது."

"கடல்நாயா?"

"இந்தப் பக்கம் ஆரம்பிச்சு அந்தப் பக்கம் எங்க முடியுதுன்னே தெரியல." பின்னால் பாஸ்கோ எதையோ கத்தினான். ரோரியின் மூச்சு குழந்தையுடையதைப் போல விக்கியது. "பாஸ்கோ, இங்க வா. கிட்ட வாடா. கிட்ட வான்னு சொல்றேன்ல!"

அவ்வளவுதான். அதன்பின் எத்தனை தடவை கூப்பிட்டும் இரைச்சல்தான்.

ஜன்னலுக்குப் போனாள். கொடிவழியில் விளக்கு எதுவும் இல்லை. அந்தச் சிவந்த கீறலுக்கு முன்னால் பென்குயின்கள் வரிசையாகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. வழக்கமாக அவை இரைந்துகொண்டே வரும், இன்று சத்தமே இல்லை. நடை மட்டும் ஏதோ கோணலாக, பாரமாக இருந்தது. கண்ணாடியில் படிந்த தன் மூச்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னொன்று. மேலே இருந்தவற்றின் அலகுகள் திறந்து திறந்து மூடின.

ஹெஸ்டர் கதவுக்கு ஓடித் தாழ் போட்டாள். உடனே அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள். ரோரி வெளியே இருக்கிறான். தாழ் போட்டால் அவன் எப்படி உள்ளே வருவான்? எடுத்தாள். மறுபடி போட்டாள்.

காலடி கேட்டது.

ஓர் ஆளின் காலடி. ரொம்பப் பாரமானது. பனியில் அழுந்தி, இழுத்து, அழுந்தி.

படியில் ஏறியது. நின்றது.

"ஹெஸ்." அவன் குரல்தான். "திற ஹெஸ். பயமா இருக்கு."

எட்டு வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. தாழைத் தள்ளினாள்.

விளக்கொளியில் ரோரி நின்றான். அவனுடைய இரண்டு கைகளும் தோளிலிருந்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. கைகள் திரும்பவே கூடாத திசை அது. அவற்றின் பிடியில், முதுகோடு முதுகாக, பாஸ்கோ. குல்லாயும் கையுறையும் இல்லை. காதுகள் மெழுகு நிறம். ரோரி உள்ளே வர ஒருக்களித்தபோது பாஸ்கோவின் முகம் அவள் பக்கம் வந்தது. கண் சிமிட்டியது.

"டாக்டரம்மா," என்றது அந்த வாய். "கதவ... மூடிருங்க."

அவள் மூடவில்லை. மூட முடியவில்லை. அது ரோரி.

பாஸ்கோவின் கண் மறுபடி சிமிட்டவில்லை.

ரோரியின் கைகள் விரிந்தன. பாஸ்கோ வாசற்படியில் விழுந்தான். ரோரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பக்கமாக முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, குந்தினான். அன்றைக்குப் போலவே.

"ஏறு ஹெஸ்."

"ரோரி, வேண்டாம். உள்ள வா. நான் இருக்கேன்ல."

"நீ இருக்கேங்கிறதுனாலதான் வந்தேன்." அழுதுகொண்டிருந்தான். "அது என்னைத் தொடாது. நீ மேல இருந்தா தொடாது. ஏறிக்கோ கண்ணு."

பின்வாங்கினாள். மேசை இடுப்பில் இடித்தது. பின்பக்கமாகத் திரும்பிய அந்தக் கைகள் கண் இருப்பதுபோல அவளைத் தேடி வந்தன.

உதறினாள். இரண்டே மூச்சு. பிடித்தன. உதறினாள். பிடித்தன.

பிறகு வெளியே. குளிர். அவள் முகம் குடிலைப் பார்த்து இருந்தது. திறந்த கதவு, படியில் பாஸ்கோ, மேசைமேல் எரிகிற நுண்ணோக்கி விளக்கு, எல்லாம் சிறுத்துக்கொண்டே போயின. முதுகில் ரோரியின் இதயம் இடிப்பது தெரிந்தது. பனிக்கு அடியில் கறுப்பாக ஒன்று வந்து அவர்களுக்குக் கீழே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, பிடிக்காததை முகர்ந்ததுபோல விலகிப் போனது.

"பாத்தியா," என்றான் ரோரி, ஆசுவாசமாக. கைகள் இன்னும் இறுகின. "பாத்தியா ஹெஸ்."

குடிலின் விளக்கு ஒரு புள்ளியாகியிருந்தது. அவளுக்கு அப்போதே பசித்தது. இன்று முதல் நாள். இன்னும் பதினெட்டு இருந்தது.