மூணு நாள் கழிச்சு வாங்க

நல்லசிவம் உள்ளங்கையைத் தட்டில் வைத்தார். மனரேகைமானி ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிவப்பாக எரிந்தது. பொருத்தம் அறுபத்தொரு சதவீதம். விமானம் ஏறத் தொண்ணூறு வேண்டும்.

முகம், கைரேகை, கருவிழி எல்லாவற்றுக்கும் போலி செய்ய ஆள் கிளம்பிவிட்ட பிறகு வந்த ஏற்பாடு இது. பயணி தன் மனத்தின் அலைவடிவத்தை முன்பே பதிந்து வைக்க வேண்டும். புறப்படும் நாளில் அதே மனம் வந்து நிற்க வேண்டும். முகத்தை மாற்றலாம், மனத்தை மாற்ற முடியாது என்று மந்திரிகள் மேடைக்கு மேடை முழங்கினார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மனம் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் நல்லசிவம். இதே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அதிகாரி அவர். துக்கத்துக்குக் கிளம்பியவர்கள்தான் அதிகமாகச் சிவப்பில் மாட்டுவார்கள். மனிதர் கோபப்படவே மாட்டார். "இப்ப நீங்க நீங்களா இல்லை. மூணு நாள் கழிச்சு வாங்க," என்பார். அழுதாலும் அதுதான், காலில் விழுந்தாலும் அதுதான்.

இன்று காலை மஸ்கட்டிலிருந்து மருமகன் கூப்பிட்டான். பூரணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை, அப்பாவைக் கேட்கிறாள் என்றான். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

அவர் நாற்காலியில் இன்று ரெஜினா இருந்தாள். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

"என்னைத் தெரியாதாம்மா உனக்கு?"

"எனக்குத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியலையே."

தண்ணீர் கொடுத்தாள். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு கை வைக்கச் சொன்னாள். அவரும் முயன்றார். எதை நினைத்தாலும் பூரணிதான் வந்தாள். ஐம்பத்தெட்டு. பிறகு நாற்பத்தொன்பது.

பழைய விதிவிலக்குப் படிவம் ஒன்றாவது மிச்சமிருக்குமே என்று கெஞ்சினார். ரெஜினா தலை குனிந்துகொண்டாள். அப்படி ஒரு படிவம் இருந்தது உண்மைதான். துக்கத்தை நடித்து ஏமாற்றுவார்கள் என்று மேலிடத்துக்கு எழுதி, அதை நீக்க வைத்தவரே நல்லசிவம்தான். அதற்காக ஒரு கேடயமும் வாங்கியிருந்தார்.

"மூணு நாள் கழிச்சு வாங்க சார்," என்றாள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. காத்திருப்புக் கூடத்திலேயே கிடந்தார். விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் மதியம் மருமகன் மறுபடி கூப்பிட்டு, பூரணி போய்விட்டாள், பிள்ளையையாவது வந்து பாருங்கள் மாமா என்றான்.

நல்லசிவம் அழவில்லை. உள்ளே எதுவோ சாத்திக்கொண்டது. எழுந்து போய் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெண்மணி சிவப்பில் மாட்டி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தன் முறை வந்ததும் கை வைத்தார். பச்சை எரிந்தது. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

திரையில் அவருடைய மூலப் பதிவின் விவரம் ஓடியது. பதிந்த இடம் இதே முகப்பு, பணி நேரம். அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மகனை இழந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து கை வைத்திருந்தார்.

"நீங்களேதான் சார்," என்று சொல்லி ரெஜினா கதவைத் திறந்துவிட்டாள்.