திரைக்கு வெளியே நீண்ட கை

மாசி வெயில் சாயத் தொடங்கியபோது ஜட்கா வண்டி ஆம்பூர்ச் சந்துக்குள் திரும்பியது. பதனிட ஊறிய தோலின் நாற்றமும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடையும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. அக்னஸ் மிஸ்ஸியம்மா கைக்குட்டையைத் தேடவில்லை. பதினோரு வருஷமாக வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துப்பெட்டியும் வேதப்புத்தகமுமாக இந்தப் பக்கம் வந்து போகிறவள். வாடை பழகிவிட்டது.

அந்த வீடுதான் பழகவில்லை.

"போன வருஷம் பிரசவத்துல மூத்த சம்சாரம் போய்ட்டாங்களே, அந்த மஹபூப் பாஷா வீடாம்மா?" நர்ஸ் சவுரியம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதேதான். இப்போது இளையவளுக்கு வலி."

போன வருஷமும் இதே கூடம், இதே பச்சைத் திரை. பிள்ளைத்தாய்ச்சி மேல் அந்நியர் கண் படக்கூடாது, பெண்ணானாலும் சரி என்பது அந்த வீட்டுக் கட்டு. கை மட்டும் வெளியே வரும். வற்புறுத்தினால் மற்ற வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொள்ளும் என்று மிஸ்ஸியம்மா பயந்தாள். மூத்தவளின் மருதாணி பூசிய கை அது. சுண்டுவிரல் வளைந்திருந்தது. அது மிஸ்ஸியம்மாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. "பயப்படாதே" என்று சொல்லி, விரல் விரலாக விலக்கிவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் அடக்கம் செய்தார்கள்.

இன்று திரைக்குள் போயே தீரவேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால், "கையை மட்டும் பாருங்கம்மா, போதும்" என்று உள்ளிருந்து மாமியாரின் குரல் வந்ததும் நாக்கு எழவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள்.

திரை அசைந்தது.

கை வந்தது.

ஜில்லென்றிருந்தது. மூன்று விரலை வைத்து நாடி தேடினாள். இல்லை. இடம் மாற்றி வைத்தாள்.

இல்லை.

அந்தக் கை மெல்லத் திரும்பி, அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தது. அவள் நாடியை எண்ணியது.

சுண்டுவிரல் வளைந்திருந்தது.

உள்ளே தூரத்தில் மாமியார் அலுத்துக்கொண்டாள். "இருங்கம்மா. பொண்ணு மூலைக் கட்டில்ல கெடக்குது, எழுந்துக்கவே முடியல. இன்னும் கையே குடுக்கல, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

பிடி இறுகியது. திரைக்குள் இழுத்தது.

மிஸ்ஸியம்மா எதிர்த்து நிற்கவில்லை. திரை கிழிந்து விழ உள்ளே போனாள். திரையருகே யாருமில்லை. மூலையில், கட்டிலுக்கு அடியில், ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது. இளையவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மாமியார் கிழிந்த திரையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன தபாவும் இப்டி வந்திருக்கக் கூடாதாம்மா?"

மிஸ்ஸியம்மா மருந்துப்பெட்டியைப் பூட்டினாள்.

ஜட்கா திரும்பியது. சவுரியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டு உசுரும் பொழச்சிடுச்சு. நீங்க இன்னாம்மா, மணிக்கட்டையே பிடிச்சினு வர்றீங்க?"

மணிக்கட்டில் ஈரம் காயாத மருதாணி, மூன்று விரல் அகலத்துக்கு. மிஸ்ஸியம்மா அதற்கு மேலே, வெறும் காற்றில், கண்ணுக்குத் தெரியாத விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் விடவில்லை.