ஒரே படத்தில் ஆறு வித்தியாசம்

முடிதிருத்தும் உகாய் மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்து அவர் குழம்பி, என்னையும் குழப்பிவிட்டார்.

"ஆஸ்துமா ஆராய்ச்சியாம், என் ரத்தம் வேணுமாம்! ஏம்மா சிஹாயா, எனக்கு என்னைக்காவது மூச்சு இழுத்திருக்கா?"

"இல்ல மாமா. மினாத்தோவுக்குத்தான்."

மினாத்தோ என் தம்பி. ஆறு வயது. கொஞ்சம் ஓடினாலே இழுப்பு வந்துவிடும்.

"அப்ப அவன்கிட்ட எடுக்கட்டும். நான் ஓ வகை ரத்தம், ஒண்ணும் அண்டாது. உன் தம்பி பி வகை, அதான் இழுக்குது!"

எங்கள் ஊரில் ரத்த வகையை வைத்துத்தான் ஒருவரைப் பற்றி எதையும் சொல்வார்கள். ஆனால் நானும் பி வகைதானே? எனக்கு ஏன் இழுக்கவில்லை?

மாமாவின் வாய் சும்மா இருக்குமா? அதே கடிதம் வந்த ஊர்க்காரர்களிடமெல்லாம் முடி வெட்டும்போது "போகாதீங்க" என்றார். சனிக்கிழமை, ரத்தம் எடுக்கும் ஊர் மன்றத்தில் ஆஸ்துமா நோயாளிகள் மட்டுமே இருந்தார்கள்.

"நல்லா இருக்கிறவங்க அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா, வேற ஊர்தான் பாக்கணும்" என்றார் ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் அக்கா.

எனக்கு அழுகை வந்தது. அப்புறம் தம்பிக்கு ஏன் இழுக்கிறது என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

அருகில் மினாத்தோ ஒரு பத்திரிகையோடு சிணுங்கினான். "அக்கா, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கணுமாம். ஒரு படத்த யாரோ கிழிச்சிட்டாங்க!"

பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு மாமாவின் கடைக்கு ஓடினேன்.

"மாமா, இதுல ஆறு வித்தியாசம் சொல்லுங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு படத்த வச்சு எப்படிம்மா? இன்னொண்ணு வேணாமா?"

"மினாத்தோதான் இந்தப் படம். அந்த இன்னொண்ணு நீங்க."

மாமா கத்தரியைக் கீழே வைத்தார். நாற்காலியில் பாதி வெட்டிய முடியோடு இருந்த தபால்காரரை எழுப்பினார். "நீயும் வாய்யா!"

மன்றத்தில் ஊசியைக் கண்டதும் மாமா வெளுத்துப்போனார். மினாத்தோ அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க பாக்காதீங்க மாமா. என்னப் பாருங்க. நான் எத்தன தடவ போட்டிருக்கேன்!"

"வித்தியாசம் ஆறுதானா?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டேன்.

"நூறுகூட இருக்கலாம். ஓ, பி மட்டும் இல்ல. உள்ள மரபணுன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆளுக்கு ஆள் சின்னச் சின்னதா மாறும். அதான் நெறைய பேர் வேணும்."

இறுக மூடியிருந்த கண்களில் ஒன்றை மாமா திறந்தார். "இன்னிக்கு ரத்தம் குடுத்தவனுக்குத்தான் முடிவெட்டுன்னு ஊர் பூரா சொல்லு, சிஹாயா!"

ஐந்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் தபால்காரர், இன்னும் அதே பாதி முடியோடு.