மங்கலக் கப்பல்

2089 மார்ச் 3, வியாழக்கிழமை. ஹாங்காங்கில் தென்காற்று, ஈரப்பதம் தொண்ணூற்றேழு விழுக்காடு. படப்பிடிப்புக் கூடத்தின் சுவர்கள் விடிந்தது முதல் வியர்த்துக்கொண்டிருந்தன.

வாயிற்காவலரின் உதடுகள் வழக்கம்போல், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டன. என் காதிலிருந்த செவிமணியோ, "நீ வந்ததைக் கவனித்தேன்" என்று அவர் குரலிலேயே உரைத்தது. அவர் என் உணவைப் பற்றி உண்மையில் வினவவில்லை அல்லவா? ஆகவே அச்சொற்றொடர் நேர்ப்படுத்தப்பட்டது.

பொருள்நேர்மைச் சட்டம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லை இரு விதமாகப் புரிந்துகொண்ட இரண்டு விண்கலங்கள் மோதிக்கொண்டதே அதற்குக் காரணம். அன்று முதல், உரிமம் பெற்ற கட்டடத்தினுள் எவர் எம்மொழியில் பேசினும், நேர்ப்பி என்னும் கணினி அதனை ஒரே பொருளுடையதாகத் திருத்திய பின்னரே பிறர் செவிக்கு அனுப்பும்; அங்கிருந்து வெளியே செல்லும் அழைப்புகளுக்கும் இதே விதி. விண்துறைமுகத்திற்கு இது பொருந்தலாம். நகைச்சுவைத் திரைப்படத்திற்கும் இதனைப் பொருத்திய அறிவை என்னென்பது!

எங்கள் கான்டனீயப் படத்தின் கதை எளியது. பூமியைக் கைப்பற்ற வரும் வேற்றுக்கோளினர், முதலில் ஒரு வீட்டுத் தரகரைச் சந்திக்கின்றனர். கான்டனீயத்தில் வெறுமைக்கும் 'ஹுங்', கேட்டிற்கும் 'ஹுங்'. அதனால் ஆளில்லாத வீட்டை 'வெறும் வீடு' என்று கூறாமல் 'மங்கல வீடு' என்பர். தரகர் அவ்வாறே கூற, மங்கலத்திற்கு ஆசைப்பட்ட நாற்பதாயிரம் பேரும் பதினெட்டாம் மாடியின் ஒற்றை அறைக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றனர். இறுதிக் காட்சியில் தரகர் அவர்களுடைய தலைவனிடம், "ஐயா, இப்ப உங்க கப்பலும் மங்கலக் கப்பல்!" என்கிறார். படம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மீதே நிற்கிறது.

தரகராக நடித்தவர் எழுபத்துநான்கு வயதான ஃபாய் சுக். 'சுக்' என்றால் சித்தப்பா. பதினோராண்டுகளுக்குப் பின் அவருக்குக் கிடைத்த படம் இது. நான் இதன் தமிழ் உரையாடலை எழுதுபவன்.

அன்று சான்றிதழ் வழங்க வந்திருந்த அலுவலர் ஆவுடைச்செல்வி, திருநெல்வேலியைச் சேர்ந்தவர். நான்கு மணிக்குள் சான்றிதழ் கிடைக்காவிடில் படம் வெளிவராது. அவருடைய மேசைத் திரையில் நேர்ப்பியின் திருத்தம் ஒளிர்ந்தது: "உங்கள் கப்பல் வெறுமையாக உள்ளது." அதுவும் ஃபாய் சுக்கின் குரலில், 'ஹுங்' என்னும் சொல்லுடன்.

"அந்தச் சொல்ல நான் என் வாயால சொன்னதே இல்ல," என்றார் ஃபாய் சுக். "படம் தொடங்குறப்போ முழுப் பன்றிய வாட்டி, ஊதுபத்தி ஏத்திக் கும்பிட்டோம். இப்ப என் குரல வச்சே கேடுன்னு சொல்ல வைக்குறீங்க. அந்தப் பெட்டிக்குப் பல்லு இருக்கா? சிரிக்கத் தெரியாததுக்குக் கத்திரிக்கோல் எதுக்கு?"

இயக்குநர் குவோக் சௌ-பிங் அம்மையார் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "சுக், கத்தாதீங்க. அவங்க கையெழுத்துப் போடணும்."

ஆவுடைச்செல்வி என் பக்கம் திரும்பினார். "நான் என்ன செய்ய, அண்ணாச்சி? காலியா இருக்குன்னா காலின்னுதான் சொல்லணும். மங்கலம்னு சொன்னா பொய்யில்லா?"

அவ்வேளையில் அவருடைய தாயார் பாளையங்கோட்டை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காணொலியில் அழைத்தார். ஆவுடைச்செல்வி மருந்தைப் பற்றி விசாரித்தார்; கஞ்சியைப் பற்றி அதட்டினார்; முடிவில், "சரிம்மா, வாரேன்" என்று கூறி அழைப்பைத் துண்டித்தார்.

இலக்கணத்தை நாற்பத்திரண்டாம் அகவையில், விதி விதியாகக் கற்றவன் நான். அந்த வாய்ப்பை நழுவவிட என்னால் இயலவில்லை.

"அம்மா, இப்போது தாங்கள் எங்கே வருகிறீர்கள்?"

"என்ன கேக்கீய?"

"'வாரேன்' என்றீர்கள். ஆனால் போனீர்கள். அது பொய்யா?"

"அய்ய, பெத்தவகிட்ட போறேன்னு யாராவது சொல்லுவாகளா? அதுவும் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது!"

"அதற்கு மங்கல வழக்கு என்று பெயர். கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதுவே. பொய்யுரைப்பதற்காக அன்று, எதிரிலிருப்பவர் நெஞ்சு சுடாதிருப்பதற்காக. இவர்கள் வீட்டிற்குச் செய்வதை நாம் விடைபெறுவதற்குச் செய்கிறோம்!"

ஆவுடைச்செல்வி மேசைத் திரையைத் தம் பக்கம் திருப்பினார். பின்னர், "வாஸ்தவந்தான்" என்று முணுமுணுத்து, என் சான்றை விதிவிலக்குக் கோரிக்கையாக நேர்ப்பிக்கு அனுப்பினார். ஃபாய் சுக் என் முதுகில் ஓங்கித் தட்டினார். நான் பெருமிதத்தால் விம்மினேன்.

மூன்று நிமிடங்களில் விடை வந்தது.

"சான்று ஏற்கப்பட்டது. கான்டனீயத் திருத்தம் உறுதி செய்யப்படுகிறது. தமிழில் இதுவரை கவனிக்கப்படாத பிழை கண்டறியப்பட்டுள்ளது. சுட்டிக்காட்டியமைக்கு நன்றி."

திருத்தப்பட்ட இறுதிக் காட்சி திரையில் ஓடியது. தரகர் தலைவனை நோக்கிக் குனிந்து, கண்சிமிட்டி, ஃபாய் சுக்கின் இனிய குரலில் 'ஹுங்' என்றார். கூடத்திலிருந்த முப்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபாய் சுக் எழுந்து, திரையிலிருந்த தம் முகத்தை நோக்கி, "ச்சோய்! எச்சிலைத் துப்பிட்டு மாத்திச் சொல்லுடா, கிழவா!" என்று அலறினார். கெட்ட சொல்லை உதிர்த்த எவரையும் கான்டனீயர் அவ்வாறுதான் அதட்டுவர். கிழவன் மாற்றிச் சொல்லவில்லை.

நான்கு மணிக்குள் சான்றிதழில் கையெழுத்திட்டுவிட்ட ஆவுடைச்செல்வியை அவருடைய தாயார் மீண்டும் அழைத்தார். மருத்துவர் மாலையில் வருவாராம். மகள் தலையசைத்தார். அவருடைய உதடுகள் பழக்கத்தால், "வாரேம்மா" என்று அசைந்ததை நான் கண்ணால் கண்டேன். செவிமணியில், அவருடைய குரலிலேயே, "போகிறேன், அம்மா" என்று ஒலித்தது.

பாளையங்கோட்டையில் அந்த முகம் சட்டென்று வெளுத்தது. "போறியா? எங்கட்டி போற? ஏட்டி, என்ன விட்டுட்டு எங்க போற?"

மகள் செவிமணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வாரேம்மா, வாரேன், வாரேன்" என்று கதறினார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்குச் சென்று சேர்ந்தது 'போகிறேன்' என்பதே. பிறகு இணைப்பு அறுந்தது. அப்போது பிற்பகல் நான்கு மணி பதினொரு நிமிடம்.