கடைசி ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல்பட்டு தாண்டிக் காட்டோரப் புளியமரத்தடியில் வேன் நின்றதும் ஹரிஹரன் இறங்கி மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தான். முந்தின நாள் மழையில் செம்மண் பாதை வழுக்கியது. "ஓரமா ஏறுங்க. பன்னி எதிர்ல வந்தா கத்தாதீங்க, அப்டியே நின்னுடுங்க" என்று பத்துப் பேருக்கும் சொன்னான். எல்லாரும் மறைமலைநகரில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள். புதுசாக வந்தது அவன் மனைவி வைஷாலி ஒருத்திதான். கல்யாணமாகி மூன்று மாதம். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்!

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது பாதை பிரிகிற இடத்திலெல்லாம் கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். இறங்கும்போது எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வருவான். காட்டில் குப்பை போடக்கூடாதே. அந்தக் கடைசி ஆள் எப்போதும் ஹரிதான்.

போன ஆடியில் நைட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், கூட வந்து பின்தங்கிய கூட்டாளி சாம் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டான். மேலே சாம் கூப்பிட்டது காதில் விழத்தான் செய்தது. வந்துவிடுவான் என்று இறங்கிப் போனான். மூன்றாம் நாள், யாரோ பன்றிக்கு வைத்த கிளட்ச் வயர் கண்ணியில் கணுக்கால் எலும்புவரை அறுபட்டு, வயிறு கிழிந்து செத்துக் கிடந்த சாமைக் கண்டெடுத்தார்கள். "சொல்லச் சொல்லக் கேக்காம தனியாப் பூட்டான் சார்" என்று போலீசிடம் கூசாமல் சொன்னான் ஹரி. அதற்குப் பிறகு இந்த மலைக்கு இன்றுதான் வருகிறான். வரமாட்டேன் என்றால் சந்தேகப்படுவார்களே என்ற பயம்.

மாலை நாலு மணிக்கு இறங்கத் தொடங்கினார்கள். வைஷாலி மற்றவர்களோடு பேசிக்கொண்டே முன்னால் போனாள். ஹரி முதல் ரிப்பனை அவிழ்த்தான். இரண்டாவதையும் அவிழ்த்தான்.

மூன்றாவது அங்கே இல்லை.

கிளையில் கட்டிய தடம் மட்டும் இருந்தது. அடுத்த பிரிவிலும் அப்படியே. முன்னால் போகிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதுவரை அகவிக்கொண்டிருந்த மயில்கள் ஓய்ந்தன. கறிக்கடை வாசலில் அடிக்கிற ரத்த வாடை வந்தது.

"மாமா!"

இடப்பக்கம் காரைமுள் புதருக்குள் வைஷாலியின் அலறல்.

குரல் வந்த பக்கம் ஓடினான். முள் கன்னத்தைக் கிழித்தது. பத்தடிகூடப் போயிருக்கமாட்டான், வலது காலில் வயர் சுண்டி இறுகியது. குப்புற விழுந்தான். இழுக்க இழுக்க அது தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியது.

"வைஷு, எங்க கீற?"

"இங்கதாண்டா மச்சான் கீறேன்."

சாமின் குரல். காதுக்குப் பக்கத்தில்.

திரும்பினான். ஒருவரும் இல்லை.

புதர் பிளந்தது. முழு வளர்ச்சியில் ஆண் பன்றி ஒன்று பாய்ந்து, அவன் தொடையைக் கோரைப்பல்லால் குத்தி மேலே கிழித்தது. கீழே போட்டு மறுபடி குத்தியது. விலா எலும்பு உடைகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

"நான்தாண்டா அவுத்தேன்! நீ கூப்ட்டது கேட்டுச்சுடா!" என்று கதறினான். "என்ன இன்னா வேணா பண்ணு. என் பொண்டாட்டிய வுட்டுடு!"

பன்றி நின்றது. பிறகு பின்வாங்கிப் புதருக்குள் மறைந்தது.

ரத்தம் வழுக்கும் விரலால் வைஷாலிக்குப் போன் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"வைஷு, உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

யாரோ மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. போனில் சற்றுத் தள்ளி வைஷாலி வேன் டிரைவரிடம் உற்சாகமாகச் சொன்னாள்: "அண்ணா, எல்லாரும் வந்தாச்சு. வண்டிய எடுங்க."

அவள் பத்திரமாக இருக்கிறாள். ஹரிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் சொன்னது உறைத்தது.

"வைஷு! நான் இங்க கீறேன்! வைஷு!"

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலாக, போனுக்கு மிக அருகில், பக்கத்தில் இருக்கிற யாரிடமோ அவள் கொஞ்சுகிற குரல்.

"இன்னா மாமா, உன் கை இப்டி ஜில்லுன்னு கீது?"