பன்னிரண்டு ஆகாத கடிகாரம்

"மசோதாவைக் காணோம் சார்!" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் லெவினா ஹார்கின்ஸ்.

காவல் அதிகாரி விட்காம் கண்ணைத் திறந்தார். மார்ச் நான்காம் தேதி வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் எவனுக்குத்தான் தூக்கம் வாய்க்கும்? செனட் சபை விடிய விடியக் கூடியிருந்தது. அவருக்குக் காலணியைக் கழற்றக்கூட நேரமில்லை.

லெவினா நிலக்கரிச் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். சுரங்கக் கம்பெனி மீது அவள் போட்ட வழக்கு நடக்கும் மலை மாவட்ட நீதிமன்றத்தின் ஆயுள் இன்றோடு சரி. அதை ஒரு வருடம் நீட்டிக்கும் மசோதா நிறைவேறிவிட்டது. கையெழுத்திடக் குடியரசுத் தலைவர் பக்கத்து அறையிலேயே காத்திருக்கிறார். சட்டப்படி இன்று நண்பகல் பன்னிரண்டுக்கு அவை கலையும்; அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் நீதிமன்றமே இல்லை.

"கவலைப்படாதீங்கம்மா, புடிச்சிடலாம்!" என்று துள்ளி எழுந்தான் உதவியாளன் டென்னி.

அவையைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஒரே சிரிப்பு. வாயிற்காவலர் நீளக் கழியால் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பன்னிரண்டைத் தொடவிடாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசி நாள் வேலை முடியவில்லையென்றால் இதுதான் வழக்கம்.

"எத்தனை தடவைய்யா தள்ளுவீங்க!" என்று முனகினார் விட்காம்.

தாழ்வாரத்தில் எழுத்தர் பீபடி அழாத குறை. "மேஜையில வெச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போனேன் சார். வெளியில சர்ச் மணி பன்னெண்டு அடிக்கிறப்போ திரும்பி வந்தா, காணோம்!"

"இந்த எழுத்தரேதான் எடுத்திருப்பாரு சார்," என்று கிசுகிசுத்தான் டென்னி.

சுரங்கக் கம்பெனியின் வக்கீல் ஸ்டாண்டிஷ், கனத்த கோட்டோடு தூணில் சாய்ந்திருந்தார். "நான் பார்வையாளர் மாடத்துல உக்காந்து சபையைப் பாத்துட்டிருந்தேன். சபைக் கடிகாரத்துல ரெண்டு முள்ளும் பன்னெண்டுல சேர்ந்துச்சு, மணியும் அடிச்சுது. அப்புறம்தான் வெளியே வந்தேன்."

விட்காம் பெருமூச்சு விட்டார். "மணி அடிச்சது நெஜம் வக்கீல் சார். ஆனா அந்தக் கடிகாரத்துல இன்னும் பன்னெண்டே ஆகலியே! நீங்க உள்ள இருந்திருந்தா முள்ளைத் தள்ளுற கூத்தைப் பாத்திருப்பீங்க. சட்டத்துல நண்பகல்னு இருக்கறதை நம்பிக் கதை கட்டிட்டீங்க. டென்னி, கோட்டைப் பாரு."

கோட்டின் உட்பையில் மசோதா இருந்தது.

"நண்பகலோட எல்லாம் முடிஞ்சது! இது செல்லாது!" என்று கத்தினார் ஸ்டாண்டிஷ்.

"அதை அந்த முள்ளுகிட்டச் சொல்லுங்க."

கையெழுத்து விழுந்தது. லெவினா விம்மி விம்மி அழுதாள்.

"ஒரு வருஷம்தாம்மா," என்றார் விட்காம். "கோர்ட்டை உண்டாக்குறதும் இவங்கதான், இழுத்து மூடுறதும் இவங்கதான். அடுத்த வருஷமும் இந்த வாசல்ல வந்து நிக்கணும்."

லெவினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிக்க மாட்டேன் சார். இப்பவே ரயிலேறி நீதிபதி வாசல்ல போய் நிக்கிறேன். தீர்ப்பு சொல்றவரைக்கும் நகர மாட்டேன்."